ஏடிஎம்மில் விரல் வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

ஏடிஎம் எந்திரம் நம்மிடம் இரண்டைத்தான் பார்க்கிறது: கையில் கார்டு, மனத்தில் நான்கு இலக்கப் பின் நம்பர். இரண்டும் சரியாக இருந்தால் எதிரில் நிற்பவர் யார் என்று அது கேட்பதில்லை. நான்கு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். மூன்று முறை தப்பாக அடித்தால் கார்டு முடங்கிவிடும். ஆகவே குத்துமதிப்பாக அடித்துப் பார்த்துப் பணம் எடுப்பது நடக்காத காரியம். பணம் போவது வேறு வழிகளில். பின் நம்பரைக் கார்டு உறையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத பெரியவர், பக்கத்தில் நிற்பவரிடம் "கொஞ்சம் எடுத்துக் குடுப்பா" என்று கார்டை நீட்டுவார். திரும்பி வருவது அதே நிறத்தில் உள்ள வேறு யாருடையதோ கார்டாக இருக்கும். கார்டு செருகும் வாயில் நகலெடுக்கும் கருவியும், எண்பலகைக்கு மேலே பொட்டளவுக் கேமராவும் பொருத்தியிருப்பார்கள்.

கார்டு கைமாறும், எண் வாய்மாறும், விரல் மாறாது. கைரேகை, கண்ணின் கருவிழிப்படலம், முகம், தோலுக்கு அடியில் ஓடும் ரத்தநாளங்களின் பின்னல் ஆகியவற்றை வைத்து ஆளை அடையாளம் காணும் முறைக்குத்தான் பயோமெட்ரிக் என்று பெயர். வங்கிகள் இதைத் தேடிப் போனதற்கு அடிப்படைக் காரணம் இவ்வளவுதான். ஆனால் "விரல் மாறாது" என்பதில்தான் இந்த முறையின் பலமும் இருக்கிறது, பெரிய சிக்கலும் இருக்கிறது.

எந்திரம் படத்தைப் பார்ப்பதில்லை

கைரேகைக் கருவியில் விரலை வைத்தால் அது முதலில் ஒரு படம் எடுக்கும். அங்குலத்துக்கு 500 புள்ளி என்பது வழக்கமான நுணுக்கம். பிறகு அந்தப் படத்தில் இரண்டு வகை இடங்களைத் தேடும்: ரேகை முடிந்துபோகும் இடம், ஒரு ரேகை இரண்டாகக் கிளைக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் அது எங்கே இருக்கிறது, ரேகை எந்தத் திசையில் போகிறது என்று குறித்துக்கொள்ளும். நன்றாகப் பதிந்த ஒரு விரலில் இப்படிச் சில பத்துப் புள்ளிகள் கிடைக்கும். இந்தப் பட்டியலுக்கு வார்ப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு விரலின் வார்ப்பு சில நூறு பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். ஒரு குறுஞ்செய்தியைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

முதன்முதலாகப் பதிவு செய்யும்போது ஒரு வார்ப்பு சேமிக்கப்படுகிறது. பிறகு பணம் எடுக்க வரும்போதெல்லாம் புதிதாக ஒன்று எடுத்து, பழையதோடு ஒப்பிடுகிறார்கள். பின் நம்பருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒப்பிடுதலில்தான். பின் நம்பர் ஒன்று சரி அல்லது தப்பு; நடுவில் எதுவும் கிடையாது. விரலோ ஒவ்வொரு முறையும் சற்றுக் கோணலாக, சற்று அதிகமாக அழுத்தி, ஒரு நாள் வியர்வையோடு, இன்னொரு நாள் வறண்டுபோய் வைக்கப்படும். ஒரே விரலை இரண்டு முறை வைத்தால்கூட இரண்டு வார்ப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அதனால் கணினி "எவ்வளவு ஒத்துப்போகிறது" என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. தேர்ச்சி மதிப்பெண் எது என்று முறையை அமைப்பவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் ஆள் சரி, தாண்டாவிட்டால் இல்லை.

இந்தத் தேர்ச்சிக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் பயோமெட்ரிக்கின் உயிர்நாடி. கோட்டைத் தாழ்த்தினால் வேறொருவரின் விரலையும் சில நேரம் ஏற்றுக்கொள்ளும். அது தவறான ஏற்பு. உயர்த்தினால் உரியவரையே திருப்பி அனுப்பும். அது தவறான மறுப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். நல்ல கருவி இரண்டையும் சேர்த்துக் குறைக்கும், ஆனால் பூஜ்யம் ஆக்கிவிடாது. "எங்கள் எந்திரம் நூற்றுக்கு நூறு துல்லியம்" என்று யாராவது விற்க வந்தால், அவருக்கு விஷயம் தெரியவில்லை அல்லது மறைக்கிறார் என்று பொருள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. "இவர்தான் இந்தக் கணக்கின் சொந்தக்காரரா?" என்று ஒரே ஒரு வார்ப்போடு ஒப்பிடுவது ஒன்று. "இந்த விரல் எல்லா வாடிக்கையாளர்களிலும் யாருடையது?" என்று தேடுவது முற்றிலும் வேறு. உதாரணத்துக்கு, தவறான ஏற்பு லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வங்கிக்கு 50 லட்சம் வாடிக்கையாளர்கள் இருந்து, விரலை மட்டும் வைத்துத் தேடினால், சுமார் 50 பேர் தவறாகப் பொருந்துவார்கள். அதே நேரம், பிறந்த தேதியையும் கேட்டுவிட்டால்? 60 ஆண்டு வயது இடைவெளியில் ஏறக்குறைய 22,000 தேதிகள். அப்படியானால் ஒரே தேதியில் பிறந்த வாடிக்கையாளர்கள் சராசரியாக 230 பேர்தான். அவர்களுக்குள் மட்டும் தேடினால் தவறான ஆள் சிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு அளவுக்கு இறங்கிவிடும். கார்டோ, ஆதார் எண்ணோ, பிறந்த தேதியோ ஏதாவது ஒன்றை எந்திரம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு விரலைக் கேட்பதற்கு இதுதான் காரணம். சம்பிரதாயத்துக்காகக் கேட்பதில்லை.

ஜப்பான் ஏன் உள்ளங்கைக்குப் போனது

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் நேஷன்வைட் நிறுவனம் 1998-லேயே கருவிழிப்படலத்தைப் பார்த்துப் பணம் தரும் ஏடிஎம்மைச் சோதித்துப் பார்த்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு வங்கி அதையே செய்தது. இரண்டும் பரவவில்லை. பயோமெட்ரிக் ஏடிஎம்மை நாடு தழுவிய அளவில் முதலில் கொண்டுவந்தது ஜப்பான்தான். அதற்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது.

2000-களின் தொடக்கத்தில் அங்கே காந்தப்பட்டைக் கார்டுகளை நகலெடுக்கும் கும்பல்கள் பெருகின. 2005 ஜனவரியில் பிடிபட்ட ஒரு கும்பலின் வேலை கோல்ஃப் மைதான லாக்கர்களில் நடந்தது. லாக்கரைத் திறக்க நான்கு இலக்க எண் வேண்டும். விளையாட வருபவர்கள் வழக்கமாக வங்கிப் பின் நம்பரையே அதற்கும் வைத்துவிடுவார்கள். லாக்கரில் இருக்கும் கார்டை நகலெடுத்து, லாக்கரின் எண்ணையும் தெரிந்துகொண்டால் வேலை முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், போலி கார்டாலும் திருடிய கார்டாலும் பணம் இழந்தவர்களுக்கு வங்கியே ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் அது அமலானது. நஷ்டம் தங்கள் தலையில் விழும் என்று ஆனபோது வங்கிகள் வேகமாக நகர்ந்தன.

அவர்கள் கைரேகையைத் தேர்ந்தெடுக்கவில்லை, ரத்தநாளங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சுருகா வங்கியும் டோக்கியோ-மிட்சுபிஷி வங்கியும் 2004-ல் உள்ளங்கை நாளத்தோடு தொடங்கின. கருவி ஃபுஜிட்சு செய்தது. மிசுஹோ, சுமிட்டோமோ மிட்சுய், ஜப்பான் அஞ்சல் ஆகியவை ஹிட்டாச்சியின் விரல் நாளக் கருவிக்குப் போயின. வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கையின் மேல் பாய்ச்சுவார்கள். உடலைச் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். படத்தில் சிரைகள் கருங்கோடுகளாகத் தெரியும். அந்தப் பின்னல்தான் வார்ப்பு.

இதில் மூன்று லாபம். நாளங்கள் தோலுக்கு உள்ளே இருப்பதால் தேய்வதில்லை. டீ டம்ளரிலும் கதவிலும் கைரேகை ஒட்டிக்கொள்வதுபோல நாளத்தின் தடம் எங்கும் விழுவதில்லை, அதனால் களவாடுவது கடினம். உள்ளங்கையைக் கருவிக்குச் சில சென்டிமீட்டர் மேலே பிடித்தால் போதும், தொட வேண்டியதில்லை. இதையும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில், மெழுகால் செய்த பொய்க்கையை வைத்து நாளக் கருவிகளை ஆராய்ச்சியாளர்கள் திறந்துகாட்டினார்கள். அதைச் செய்து முடிக்க அவர்களுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் தேவைப்பட்டன. மலிவாகச் செய்ய முடியாத மோசடி என்பதும் ஒரு பாதுகாப்புதான்.

ஜப்பான் வங்கிகள் செய்த இன்னொரு நல்ல காரியத்தைப் பலரும் கவனிப்பதில்லை. டோக்கியோ-மிட்சுபிஷி போன்ற வங்கிகள் வார்ப்பை வாடிக்கையாளரின் சிப் கார்டுக்குள்ளேயே வைத்தன. எந்திரத்தில் கையை நீட்டினால் கார்டில் உள்ளதோடு ஒப்பிட்டு முடித்துவிடும். வங்கியின் கணினி உடைக்கப்பட்டாலும் லட்சம் பேரின் உள்ளங்கை ஒரேயடியாக வெளியே போகாது. கார்டு தொலைந்தால் ஒருவருடையது மட்டும் போகும்.

அதற்கும் ஒரு விலை இருந்தது: கார்டு இல்லாவிட்டால் கையும் உதவாது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் வீடிழந்தவர்கள் பாஸ்புக்கும் கார்டும் இல்லாமல் நின்றார்கள். அதைப் பார்த்து, கிஃபு மாகாணத்தில் உள்ள ஒகாகி கியோரிட்சு வங்கி 2012 செப்டம்பரில் கார்டே தேவைப்படாத ஏடிஎம்மைக் கொண்டுவந்தது. உள்ளங்கை, பிறந்த தேதி, பின் நம்பர், இவ்வளவு போதும். வார்ப்பு இங்கே வங்கியின் கணினியில் இருக்கும். பிறந்த தேதி எதற்கு என்பது மேலே பார்த்த கணக்கிலிருந்து புரிந்திருக்கும்.

நம் ஊரில் ஏடிஎம் கைக்குள் அடங்கியது

இந்தியாவிலும் கைரேகை ஏடிஎம் முயற்சி புதிதல்ல. ஐஐடி மெட்ராஸின் துணையோடு சென்னையில் வளர்ந்த வார்டெக்ஸ் நிறுவனம், குறைந்த மின்சாரத்தில், வெயிலிலிருந்தே சக்தி எடுத்து ஓடும் கிராமடெல்லர் என்ற ஏடிஎம்மைச் செய்தது. அதில் கைரேகை வசதி சேர்க்க முடியும். 2016-ல் டிசிபி வங்கி மும்பையில் ஆதார் எண்ணும் விரலும் வைத்துப் பணம் எடுக்கும் ஏடிஎம்மைத் திறந்தது. ஆனாலும் தெருமுனை ஏடிஎம்களில் கைரேகைக் கருவி பரவவில்லை. ஆளில்லாத அறையில் நாள் முழுக்கப் பலர் தொடும் கண்ணாடி சீக்கிரம் அழுக்கேறும். விரல் விழாதபோது சரியாக வைக்கச் சொல்லித்தர ஆள் இருக்காது. சிப் கார்டு வந்த பிறகு நகலெடுக்கும் மோசடி குறைந்ததால் அவசரமும் இல்லாமல் போனது.

இங்கே பரவியது மைக்ரோ ஏடிஎம். பெயரில் ஏடிஎம் இருந்தாலும் அதற்குள் பணம் கிடையாது. கையடக்கக் கருவி அல்லது செல்போன், அதோடு இணைந்த கைரேகை ஸ்கேனர், எதிரே வங்கி முகவர். மளிகைக் கடைக்காரராகவோ, மகளிர் குழு உறுப்பினராகவோ, தபால்காரராகவோ அவர் இருக்கலாம். பணம் அவர் கல்லாவிலிருந்து வரும். இதற்கான பாதையை ஏஇபிஎஸ், அதாவது ஆதார் வழிப் பணப்பட்டுவாடா முறை, என்று சொல்வார்கள். நடத்துவது இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்பிசிஐ. ஒரு முறைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். பணம் எடுக்கலாம், போடலாம், பேலன்ஸ் பார்க்கலாம், கடைசிச் சில பரிவர்த்தனைகளின் சுருக்கப் பட்டியல் எடுக்கலாம், ஓர் ஆதார் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பலாம்.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியது எளிது. எந்த வங்கிக் கணக்கு என்று சொல்ல வேண்டும். ஆதார் எண்ணைத் தர வேண்டும். அதைக் காட்ட விருப்பமில்லையென்றால் 16 இலக்க மெய்நிகர் எண்ணைத் தரலாம் என்ற ஏற்பாடும் உண்டு. என்ன சேவை, எவ்வளவு தொகை என்று முகவர் திரையில் தட்டுவார். பிறகு விரல். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. அந்த வங்கியில் ஆதாரோடு இணைத்த கணக்கிலிருந்துதான் பணம் கழியும். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள், எது இணைந்திருக்கிறது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

விரலை வைத்த சில நொடிகளில் தகவல் நீண்ட தூரம் போய் வருகிறது. ஸ்கேனர் ரேகையை எடுத்து, நேரத்தையும் தன் அடையாளத்தையும் சேர்த்து, பூட்டி அனுப்பும். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி ஆதார் ஆணையத்திடம் மட்டுமே உண்டு. பொட்டலம் முகவரின் வங்கிக்குப் போய், அங்கிருந்து என்பிசிஐக்குப் போய், ஆதார் ஆணையத்தைச் சேரும். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் சொல்வார்கள். ஆம் என்றால் உங்கள் வங்கி பணத்தைக் கழிக்கும், பதில் வந்த வழியே திரும்பும், ஸ்லிப் வரும், முகவர் பணத்தை எண்ணிக் கொடுப்பார். உங்கள் வங்கி உங்கள் ரேகையைப் பார்ப்பதே இல்லை. வார்ப்பு கார்டில் இருந்த ஜப்பான் முறைக்கு இது நேர் எதிர்: இங்கே எல்லாருடைய ரேகையும் ஓரிடத்தில் இருக்கிறது.

ரேகை ஏன் விழுவதில்லை

ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு "ரேகை விழல" என்ற சொல் பழக்கம். அதற்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதும் வேறு.

பெரும்பாலும் காரணம் வறட்சி. வறண்ட தோலில் ரேகை துண்டு துண்டாகப் பதியும்; கணினி ஒவ்வொரு துண்டின் முனையையும் "ரேகை முடியும் இடம்" என்று எண்ணிக்கொள்ளும். கையைத் தேய்த்துச் சூடாக்கினாலோ, ஈரத் துணியில் ஒற்றி எடுத்தாலோ போதும். எண்ணெய் தடவுவது தவறு: பள்ளமெல்லாம் நிரம்பி ரேகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியில் படலமும் படியும். ஈரமான கையிலும் அதேதான் நடக்கும், துடைத்துவிட்டு வைக்க வேண்டும். விரலின் நுனியை மட்டும் வைப்பது இன்னொரு தவறு. நகத்துக்குக் கீழே சதை உருண்டிருக்கும் நடுப்பகுதிதான் தகவல் நிறைந்த இடம். அது கண்ணாடியின் நடுவில் தட்டையாகப் படிய வேண்டும். அழுத்திப் பிடித்தால் தோல் நசுங்கிக் கோடுகள் விலகும். முகவர் விரலைப் பிடித்து அமுக்குவது எங்கும் நடக்கிறது, அது உதவுவதில்லை. கண்ணாடியில் முந்தையவரின் தடம் இருந்தால் மென்மையான உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கின்றன. கட்டைவிரல் விழவில்லை என்றால் ஆள்காட்டி, நடுவிரல், மற்ற கை என்று பார்க்கலாம். பலருக்கும் வேலையில் அதிகம் தேயாத விரல் ஒன்று இருக்கும். ஒரு முறை நன்றாக விழுந்த விரல் எது என்று நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை அலைச்சல் குறையும்.

தேய்ந்துபோன ரேகைக்குத் துணியும் தண்ணீரும் போதாது. பண்ருட்டியில் முந்திரி உடைப்பவர்களின் விரலை முந்திரி ஓட்டின் எண்ணெய் அரிக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில், செங்கல் சூளையில், சிமென்ட் கலவையில் வேலை செய்பவர்களுக்கும் இதே நிலைதான். வயது ஏற ஏறத் தோலும் நெகிழ்ந்து, ரேகையின் மேடு பள்ளம் மழுங்கும். இங்கேதான் தவறான மறுப்பு என்ற சராசரி எண் நம்மை ஏமாற்றுகிறது. நூறு முறையில் மூன்று முறை மறுப்பு என்றால், ஆளுக்கு எப்போதாவது ஒருமுறை என்று தோன்றும். உண்மையில் அந்த மூன்றும் திரும்பத் திரும்ப ஒரே ஆட்கள் மேல் விழும். நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் ஓய்வூதியமும் வாங்க வருபவர்களில் அவர்கள்தான் அதிகம். கையால் உழைத்தவருக்கே கை சாட்சி சொல்ல மறுக்கிறது. ஒரு முறையை மதிப்பிடும்போது சராசரியைக் கேட்பதைவிட, யாருக்கு விழவில்லை என்று கேட்பதுதான் நியாயம்.

அவர்களுக்கு வழிகள் உண்டு. ஆதார் மையத்தில் பயோமெட்ரிக்கைப் புதுப்பித்தால் இன்றைய ரேகையோடு ஒப்பிடுவார்கள். கருவிழி ஸ்கேனர் உள்ள முகவரிடம் போகலாம். செல்போன் கேமராவிலேயே முகத்தைப் பார்த்து ஒப்பிடும் வசதியும் வந்துவிட்டது. ரூபே கார்டு இருந்தால் பல மைக்ரோ ஏடிஎம்களில் கார்டும் பின் நம்பரும் வைத்தே எடுக்கலாம்.

சிலிக்கான் விரல்

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம். விரலை மாற்ற முடியாது. ரேகை ரகசியமும் அல்ல: நாம் தொட்ட இடமெல்லாம் அதைப் பதித்துவிட்டு வருகிறோம். ஆகவே பயோமெட்ரிக்கின் பாதுகாப்பு ரேகை தெரியாமல் இருப்பதில் இல்லை. வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா, இந்த நொடியில்தான் வைக்கப்பட்டதா என்று கருவி கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

ஏஇபிஎஸ் மோசடிகள் அந்த இடத்தில்தான் அடித்தன. நிலப் பத்திரத்தில் பெருவிரல் ரேகையும் ஆதார் எண்ணும் ஒன்றாக இருக்கும். பத்திர நகலை இணையதளத்திலிருந்து இறக்கி, ரேகையைச் சிலிக்கானில் வார்த்து, மைக்ரோ ஏடிஎம்மில் வைத்துப் பணம் எடுத்தார்கள். 2023-ல் பெங்களூருவில் இப்படிப் பலரின் கணக்குகள் துடைக்கப்பட்டன. பத்திரம் பதிந்த சில வாரங்களில் பணம் போனதால்தான் பலருக்கும் காரணம் புரிந்தது.

ஆதார் ஆணையம் அதற்கு எதிராகப் படிப்படியாகக் கதவடைத்தது. பதிவு செய்யப்பட்ட, தனி அடையாளம் கொண்ட ஸ்கேனர்கள் மட்டுமே செல்லும் என்று 2017-ல் ஆனது. பழைய ரேகையைச் சேமித்து வைத்து மறுபடி அனுப்புவது அதனால் நின்றது. அடுத்து, பூட்டும் வேலையைப் போனில் உள்ள மென்பொருள் செய்யாமல் ஸ்கேனருக்குள் இருக்கும் சிப்பே செய்யும் எல்1 வகைக் கருவிகள் வந்தன. 2023 பிப்ரவரியில், ரேகைப் புள்ளிகளோடு முழு விரல் படத்தையும் சேர்த்துப் பார்த்து, உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையை அறிவித்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு பயோமெட்ரிக் பூட்டு. ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ, ஆதாரில் பதிந்த செல் நம்பருக்கு வரும் ஓடிபியை அடித்து உள்ளே போனால், பயோமெட்ரிக்கைப் பூட்டும் பொத்தான் இருக்கும். பூட்டிய பிறகு யார் விரலை வைத்தாலும், நீங்களே வைத்தாலும், மறுக்கப்படும். ஆதார் முறையில் அதற்கு 330 என்ற பிழை எண். ரேகை பொருந்தாவிட்டால் வரும் எண் 300. திரையில் 330 வந்தால் விரலைத் துடைத்துப் பயனில்லை, பூட்டைத் திறக்க வேண்டும். பணம் எடுக்கப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், சிறிது நேரத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். ஆதார் எண்ணையே பூட்டுவது என்று இன்னொரு வசதியும் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏஇபிஎஸ்ஸைப் பயன்படுத்தாதவர்கள் அந்த வசதியை நிறுத்திவைக்கும்படி வங்கியிலும் கேட்கலாம். பல வங்கிகள் செய்து தருகின்றன. ரேஷன் கடையில் ரேகை வைப்பவர்கள் மட்டும் பூட்டைத் திறந்துவிட்டுப் போக நினைவு வைத்திருக்க வேண்டும்.

சிலிக்கானைவிட எளிய மோசடி, கவுண்டரிலேயே நடப்பது. பேலன்ஸ் பார்ப்பதாகச் சொல்லிப் பணம் எடுப்பதைத் தட்டியிருப்பார்கள். "விழல, இன்னொரு தடவை வைங்க" என்று மறுபடி வைக்கச் சொல்லி, முதல் முறை எடுத்த பணத்தை மறைப்பார்கள். ஒவ்வொரு முறை விரல் வைப்பதும் ஒரு கையெழுத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வைப்பதற்கு முன் திரையில் என்ன சேவை, என்ன தொகை என்று பார்க்க வேண்டும். தோல்வி என்றாலும் ஸ்லிப் கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களோடு வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் கூடப் போவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கில் சரியான செல் நம்பர் இருக்க வேண்டும். பணம் போனது தெரிவதற்கு அந்தக் குறுஞ்செய்தியைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள் ஏராளம்.

கணக்கில் கழிந்தது, கையில் வரவில்லை

இது மோசடியாக இருக்க வேண்டியதில்லை. பணம் கழிந்த பின், பதில் திரும்பி வரும் வழியில் நெட்வொர்க் அறுந்தால் முகவரின் திரையில் தோல்வி என்றே காட்டும். அப்போது உடனே மறுபடி விரல் வைத்தால் இரண்டாவது முறையும் கழியலாம். முதலில் குறுஞ்செய்தி வந்ததா என்று பார்த்து, இல்லையென்றால் பேலன்ஸ் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மேலே போகலாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி இப்படிக் கழிந்த பணம் ஐந்து நாளுக்குள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலேயே தர வேண்டும்.

நீங்கள் எடுக்காத பணம் போயிருந்தால் நேரம் மிக முக்கியம். வங்கியின் தவறும் இல்லாமல் உங்கள் தவறும் இல்லாமல் வேறு எங்கோ நடந்த ஓட்டையால் போன பணத்தை, தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் முழுப் பொறுப்பும் வங்கியுடையது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நஷ்டம் உங்களுடையது. வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பயோமெட்ரிக்கை அன்றே பூட்ட வேண்டும். முப்பது நாளில் வங்கி தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. "உங்கள் ரேகைதானே பொருந்தியிருக்கிறது" என்று கிளையில் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம். ரேகை பொருந்தியது என்பது நீங்கள் அங்கே நின்றீர்கள் என்பதற்குச் சான்றாகாது. எந்த ஊரில், எந்த முகவரிடம், எத்தனை மணிக்கு என்ற விவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

எந்த விரலும் விழாத, கண்ணும் முகமும் கருவிக்கு ஒத்துவராத ஒருவர் தன் பணத்தை எடுக்க முடியாமல் போகக் கூடாது. கிளையில் பணம் எடுக்கும் படிவம் எப்போதும் இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கையையே அசைக்க முடியாதவர்களுக்கும் வங்கி நடைமுறையில் இடம் உண்டு: கால் பெருவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் தன்னால் இயன்ற ஏதாவது ஒரு குறி போடலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அது இவருடையதுதான் என்று சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.